கல்லடிக்கும் கல்பாக்கத்துக்கும் வந்த ஒரே அலை

2004 டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. அன்றைக்கு இலங்கையின் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி நேரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. இலங்கை நேரப்படி காலை 6.58 மணிக்குச் சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஆழத்தில், நிலத்தட்டு உடைந்தது. உடைந்த இடத்தோடு அது நிற்கவில்லை. நிக்கோபார், அந்தமான் தீவுகளை நோக்கி வடக்கே 1,200 கிலோமீட்டருக்கும் மேலாக, ஏறக்குறைய பத்து நிமிடங்கள் கிழிந்துகொண்டே போயிற்று. நிலநடுக்கத்தின் அளவு 9.1. பல நூற்றாண்டுகளாக அழுந்திக் கிடந்த கடலடித் தட்டின் விளிம்பு எம்பியது. அதற்கு மேலே இருந்த கடலும் கூடவே எம்பியது. அந்த அலை பிறந்த கதை இவ்வளவுதான்.

பிளவு வடக்குத் தெற்காக நீண்டிருந்ததால் அலையின் வலிமை கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. கிழக்கே தாய்லாந்து. மேற்கே வங்காள விரிகுடா. அதன் மறுகரையில் இலங்கையின் கிழக்குக் கரையும் தமிழ்நாட்டின் சோழமண்டலக் கரையும். நாலாயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் இத்தகைய அலை மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஆனால் அதன் உயரம் அங்கே அற்பம். அலை பிறந்து இரண்டு மணி நேரம் கழித்து மேலே கடந்துபோன ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தபோது, ஆழ்கடலில் அது சுமார் 60 சென்டிமீட்டர் உயரமே இருந்தது. நடுக்கடலில் வலை போட்டிருந்தவர்களுக்கு அப்படியொன்று தங்கள் படகுக்கு அடியில் போனது தெரிந்திருக்கவே முடியாது.

பசிபிக் கடலுக்கான எச்சரிக்கை மையம் கால் மணி நேரத்துக்குள் நிலநடுக்கத்தைக் கண்டுகொண்டது. ஆனால் முதலில் அதன் அளவை 8 என்றுதான் கணித்தது. சரியாகக் கணித்திருந்தாலும் சொல்லுவதற்கு ஆள் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று ஓர் எச்சரிக்கை அமைப்பு அன்று இருக்கவில்லை.

வாவியின் வாசலில்

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு வாவி கடலுக்குச் சமாந்தரமாக ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையின் பெரும்பகுதி, கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் துண்டு. கல்லடி, டச்பார், நாவலடி, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு எல்லாம் அந்தத் துண்டின்மேல்தான் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அதிலும் நாவலடி மிக ஒடுங்கியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி.

நிலநடுக்கம் நிகழ்ந்து ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் அலை இந்தக் கரைக்கு வந்தது. தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் உள்வாங்கி, பிறகு ஏறியது. இலங்கையின் கிழக்குக் கரைக்கு அந்தச் சிறு அவகாசமும் கிடைக்கவில்லை. மேற்கு நோக்கி வந்த அலையின் முகப்பில் இருந்தது மேடு. ஆகவே தண்ணீர் வந்தவுடன் ஏறியது. நாவலடியில் அது நிலத்தைக் கடந்து வாவிக்குள் விழுந்தது. ஓட நினைத்தவர்களுக்குப் பின்னாலும் தண்ணீர், முன்னாலும் தண்ணீர். கல்லடிக் கரையில் நின்ற திருச்செந்தூர் முருகன் ஆலயத்தின் கோபுரம் சரிந்தது. அன்றைக்குக் கல்லடியிலிருந்து நகரத்துக்குப் போக இருந்த வழி, 1924இல் கட்டிய லேடி மெனிங் பாலம்; ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய அகலம்.

இலங்கை முழுவதும் ஏறக்குறைய 35,000 பேர் இறந்தார்கள் அல்லது காணாமற்போனார்கள். மிகக் கூடுதலாக இழந்தது மட்டக்களப்புக்குத் தெற்கே உள்ள அம்பாறை மாவட்டம். எண்ணிக்கைக்குள் அடங்காத ஒரு பாடமும் அந்தக் காலையில் இருந்தது. வீட்டை இடித்த தண்ணீர்தான் வீதியையும் மூடியது, மின்கம்பத்தையும் தொலைபேசிக் கம்பியையும் சாய்த்தது, தோணிகளை உடைத்தது, உதவிக்கு வரவேண்டிய மனிதனின் வீட்டையும் கொண்டுபோனது. ஆபத்து வந்தால் பயன்படட்டும் என்று வைத்திருந்த ஒவ்வொன்றும், அந்த ஆபத்தாலேயே, அதே சில நிமிடங்களில் இல்லாமற்போனது.

பம்பு மனைக்குள்

அலை வடமேற்கே போய்க்கொண்டிருந்தது. மட்டக்களப்பில் அது கரையேறிய நேரத்துக்கும் சென்னைக் கரையைத் தொட்ட நேரத்துக்கும் நடுவே அரை மணி நேரத்துக்கும் கூடுதலான இடைவெளி இருந்தது. நம் கரையில் ஆட்கள் மடிந்துகொண்டிருந்த செய்தி அந்த அரை மணி நேரத்தில் நாகப்பட்டினத்துக்கோ கல்பாக்கத்துக்கோ போய்ச் சேரவில்லை.

சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது கல்பாக்கம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தில் தலா 220 மெகாவாட் மின்திறனுள்ள இரண்டு கனநீர் உலைகள் 1984, 1986 ஆண்டுகளில் வணிக அளவில் இயங்கத் தொடங்கின. அன்றைக்கு முதல் உலை பெரும் பழுதுபார்ப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்தைக் குளிர்விக்கும் கடல்நீர், கரையிலிருந்து ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் அமைந்த வாயில் நுழைந்து, கடலடிச் சுரங்கம் வழியாகக் கரையிலுள்ள பம்பு மனைக்கு வரும். அலை அந்தச் சுரங்கத்தின் வழியே பம்பு மனைக்குள் பொங்கியது. டர்பைனிலிருந்து வரும் நீராவியைக் குளிர்விக்கும் பம்புகளும் மற்றக் கடல்நீர்ப் பம்புகளில் பெரும்பாலானவையும் மூழ்கிப் பயனற்றுப்போயின. இயக்குபவர்கள் டர்பைனை நிறுத்தினார்கள், உலை நின்றது. உலைக் கட்டடங்கள் உயரமான தரையில் இருந்ததால் தண்ணீர் அங்கே போகவில்லை. வெளி மின்சாரமும் அற்றுப்போகவில்லை. உலை முறைப்படி குளிர்விக்கப்பட்டது. கதிரியக்கக் கசிவு எதுவும் இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பார்வையிட்டு அனுமதித்த பின் சில நாட்களில் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

பக்கத்தில் அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்த அதிவேக ஈனுலையின் அடித்தளக் குழிக்குள் கடல் நிறைந்தது. கடலோர நகரியத்தில் குடியிருந்தவர்களிலும் பலர் உயிரிழந்தார்கள். உலை தப்பியது, உலையை நடத்துபவர்களின் குடும்பங்களைக் கடல் கொண்டுபோனது. பெருவிபத்தைக் கையாளும் திட்டம் எழுதுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருக்கிறவருக்கும் கரையோரத்தில் ஒரு வீடு இருக்கிறது.

உலை நின்றுவிட்டால் ஆபத்து நின்றுவிடாது. அணுப்பிளவு நின்றாலும், பிளந்த துண்டுகள் சிதைந்து சூட்டை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உண்டாக்கும் வெப்பம் சுமார் 800 மெகாவாட். நிறுத்தியவுடன் அதில் 6 சதவீதத்துக்கும் மேல் மிஞ்சியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு சதவீதத்துக்கு மேல். பத்து மெகாவாட் அளவுள்ள அந்தச் சூட்டை அணைக்க எந்தப் பொத்தானும் கிடையாது. தண்ணீர் கொண்டுதான் அதை வெளியேற்ற வேண்டும், அதுவும் நாட்கணக்கில். தண்ணீர் நின்றால் எரிபொருள் உறை சூடேறும். 1,200 பாகை செல்சியசுக்கு மேல் சிர்கோனியம் உறை நீராவியோடு மிக வேகமாக வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளிவிடும். அதற்கு அடுத்தது எரிபொருள் இருக்கும் உள்ளகம் உருகுவது. அணுமின் துறையில் பெருவிபத்து என்று சொல்லப்படுவது இதைத்தான்.

கணக்குக்குள்

இத்தகைய விபத்து எவ்வளவு அடிக்கடி நிகழக்கூடும் என்று கணக்கிடும் முறைக்கு ஒரு தொடக்க ஆண்டு உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் பேராசிரியர் நார்மன் ராஸ்முசென் தலைமையில் அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்துக்காக 1975இல் வெளியான ஆய்வு அது. ஒரு குழாய் உடைந்தால் அடுத்து என்ன வேலை செய்யவேண்டும், அது செய்யாவிட்டால் அதற்கடுத்து என்ன என்று கிளை கிளையாகப் பிரித்து, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நிகழ்தகவு கொடுப்பது அதன் வழி. இன்று இது மூன்று படிகளில் செய்யப்படுகிறது. உள்ளகம் எவ்வளவு அடிக்கடி சேதமாகும் என்பது முதற்படி. சேதமானால் கதிரியக்கம் காப்புக் கட்டடத்தைத் தாண்டி எவ்வளவு வெளியேறும் என்பது இரண்டாம் படி. வெளியேறினால் மனிதருக்கும் மண்ணுக்கும் என்ன ஆகும் என்பது மூன்றாம் படி. இயங்கும் உலைகளில் உள்ளகச் சேதம் ஓர் உலைக்குப் பத்தாயிரம் ஆண்டில் ஒருமுறைக்கு மேல் நேரக்கூடாது, புதிய உலைகளில் இலட்சம் ஆண்டில் ஒருமுறைக்கு மேல் நேரக்கூடாது என்பது சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு வகுத்த இலக்கு.

இந்தக் கணக்கு பயனுள்ளது. எங்கே பலவீனம் இருக்கிறது என்று அது முன்கூட்டியே காட்டும். 1979இல் அமெரிக்காவின் திரீ மைல் தீவில் விபத்து நடந்தபோது, பெரிய உடைப்பைவிடச் சிறிய கசிவும் மனிதத் தவறும் சேர்ந்தால்தான் ஆபத்து கூடுதல் என்று ராஸ்முசென் ஆய்வு முன்பே சுட்டியிருந்ததைப் பலர் நினைவுகூர்ந்தார்கள்.

ஆனால் இந்தக் கணக்கின் உயிர்நாடி ஓர் அனுமானத்தில் இருக்கிறது. ஒரு டீசல் மின்னாக்கி தேவையான நேரத்தில் ஓடாமற்போகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். இரண்டு இருந்தால் இரண்டுமே ஓடாமற்போவது பத்தாயிரத்தில் ஒன்று. மூன்று இருந்தால் பத்து இலட்சத்தில் ஒன்று. ஒன்று கெடுவதற்கும் மற்றது கெடுவதற்கும் தொடர்பில்லை என்றால் மட்டுமே இந்தப் பெருக்கல் செல்லும். மூன்றும் ஒரே நிலவறையில் இருந்து, அந்த நிலவறைக்குள் கடல் வந்தால், பத்து இலட்சம் என்ற எண் அந்த நொடியில் ஒன்றாகிவிடும். பொறியாளர்கள் இதைப் பொதுக்காரணச் செயலிழப்பு என்பார்கள். நாவலடியில் வீடும் வீதியும் தோணியும் தொலைபேசியும் ஒருசேரப் போனது இதுவேதான்.

காகிதத்திலிருந்து மறுபடி கடலுக்கு

அலையின் பயணம் 2004 டிசம்பரோடு முடியவில்லை. 2005 ஆகஸ்ட் இறுதியில் சர்வதேச அணுசக்தி முகமை, இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், இந்திய அணுமின் கழகம் மூன்றும் சேர்ந்து, வெளிவெள்ளத்தால் அணுமின் நிலையங்களுக்கு வரும் ஆபத்து பற்றிய பன்னாட்டுப் பயிலரங்கு ஒன்றைக் கல்பாக்கத்திலேயே நடத்தின. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கத் தொடங்கியது. உலகுக்குப் பாடம் கையில் இருந்தது.

யப்பானில் ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையம் 5.7 மீட்டர் உயர அலையைக் கணக்கில் வைத்திருந்தது. 2008இல் நிலையத்தை நடத்திய டெப்கோ நிறுவனம் தனக்குள் போட்ட கணக்கு ஒன்று 15.7 மீட்டர் வரை அலை ஏறக்கூடும் என்று காட்டியது. அந்தக் கரையை கி.பி. 869இலேயே பேரலை ஒன்று தாக்கியிருந்ததற்கு வண்டல் சான்றும் இருந்தது. மேலும் ஆராயவேண்டும் என்று தள்ளிவைத்தார்கள். 2011 மார்ச் 11 பிற்பகல் 9.0 அளவு நிலநடுக்கம். ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் ஒழுங்காக நின்றன. வெளி மின்சாரம் அறுந்தது. டீசல் மின்னாக்கிகள் ஓடத் தொடங்கின. ஏறக்குறைய ஐம்பது நிமிடத்தில் 14, 15 மீட்டர் அலை பத்து மீட்டர் தரையைத் தாண்டியது. பதின்மூன்று மின்னாக்கிகளில் பன்னிரண்டு செயலிழந்தன. தப்பிய ஒன்று காற்றால் குளிர்வது. சற்று உயரத்தில் தனியாக வைக்கப்பட்டது. ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றியது அந்த ஒன்றுதான். முதல் மூன்று உலைகளின் உள்ளகங்கள் உருகின.

நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகே இருந்த ஓனாகாவா நிலையம் தப்பியது. பழைய அலைகளின் வரலாற்றை மனத்தில் வைத்து, தரையை உயர்த்தியே கட்டவேண்டும் என்று யானோசுகே ஹிராய் என்ற பொறியாளர் பிடிவாதமாக நின்றதால் அது 14.8 மீட்டர் உயரத்தில் எழும்பியிருந்தது. வீடிழந்த அயலூரார் சில நூறு பேர் அந்த நிலையத்துக்குள்ளேயே தஞ்சம் புகுந்தார்கள். இரண்டு நிலையங்களும் ஒரே நாட்டில், ஒரே கடலைப் பார்த்து நின்றவை. ஒன்று பழைய அலையை நினைவில் வைத்தது, மற்றது தள்ளிவைத்தது.

முகத்துவாரம் வெட்டும் முடிவு

எல்லாத் தடுப்பும் கடந்தபின் என்ன செய்வது என்பதுதான் பெருவிபத்து மேலாண்மை. அதில் மிகக் கடினமான முடிவு காப்புக் கட்டடத்துக்குள் பெருகும் அழுத்தத்தை, கதிரியக்கமும் சேர்ந்து போகும் என்று தெரிந்தே வெளிவிடுவது. மட்டக்களப்பார் இந்த முடிவின் பாரத்தை அறிவார்கள். மாரி மழையில் வாவி நிறைந்து வயல்கள் மூழ்கத் தொடங்கினால் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டிவிடவேண்டும். சீக்கிரம் வெட்டினால் இறாலும் மீனும் கடலோடு போகும் என்று மீன்பிடித் தொழிலாளர் கவலைப்படுவார்கள். பிந்தி வெட்டினால் வேளாண்மை அழுகும் என்று கமக்காரர் பதறுவார்கள். யாரிடம் அதிகாரம், எந்த மட்டத்தில் வெட்டுவது, வெட்டும் யந்திரம் எங்கே என்பதெல்லாம் மழைக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

ஃபுகுஷிமாவின் முதல் உலையில் அவை தெரிந்திருக்கவில்லை. மின்சாரம் இல்லாததால் வால்வுகளைக் கையால் திறக்கவேண்டியிருந்தது. கதிர்வீச்சு நிறைந்த இருட்டுக்குள் ஊழியர்கள் முறைவைத்துப் போனார்கள். அயலூர் மக்கள் வெளியேறிவிட்டார்களா என்று உறுதி செய்வதிலும் நேரம் போயிற்று. மார்ச் 12 பிற்பகலில் அழுத்தம் வெளியேறியது. ஒரு மணி நேரம் போல் கழித்து ஹைட்ரஜன் வெடித்துக் கூரை பறந்தது. சுவீடனின் பார்செபெக் நிலையத்தில் 1985இலேயே, வெளியேறும் காற்றை வடிகட்டி அனுப்பும் சரளைக்கல் வடிகட்டி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. ஃபுகுஷிமாவில் அப்படியொரு வடிகட்டி இருக்கவில்லை.

அதன்பின் இந்திய நிலையங்களிலும் ஆய்வு நடந்தது. வெளியிலிருந்து தீயணைப்புப் பம்பு கொண்டு உலைக்கு நீர் ஏற்றும் இணைப்புகள், இடம்பெயர்க்கக்கூடிய டீசல் மின்னாக்கிகள், மின்சாரமின்றி ஹைட்ரஜனை நீராக மாற்றும் கருவிகள், வடிகட்டிய வெளியேற்றம் ஆகியவை பரிந்துரைக்கப்பட்டன. கூடங்குளத்தின் உலைகளுக்கு அடியில் உருகிய உள்ளகத்தை ஏந்தும் கொள்கலம் வடிவமைப்பிலேயே இருக்கிறது. மின்சாரமின்றிக் காற்றோட்டத்தால் வெப்பம் அகற்றும் அமைப்பும் இருக்கிறது. இவை நல்லவை. இவற்றின் பெறுமதி, கருவி இருக்கிறது என்பதோடு முடியாது. பம்பு எங்கே நிற்கிறது, இரவில் அதை இணைக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், கடல் ஏறிய வீதியில் அது வந்துசேருமா என்பதில்தான் பெறுமதி இருக்கிறது.

சேற்றின் நினைவு

2004க்கு முன்னர் இந்தக் கரைக்கு இத்தகைய அலை வந்ததில்லை என்று நம்மில் பலர் நினைத்தோம். இலங்கையின் தென்கிழக்கில், அம்பாந்தோட்டையிலுள்ள கரகன் களப்பின் அடியில் குழாய் இறக்கி மண் எடுத்த ஆய்வாளர்கள் வேறொன்று கண்டார்கள். சேற்றின் இடையிடையே கடல் கொண்டுவந்து போட்ட மணல் படலங்கள், ஏழாயிரம் ஆண்டுப் பதிவாக அடுக்கடுக்காக இருந்தன. அலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியும் சீரானதல்ல. எழுத்தில் உள்ள நூறு, இருநூறு ஆண்டு வரலாற்றைக் கொண்டு பத்தாயிரம் ஆண்டுக் கணக்குப் போட முடியாது. அதற்கான ஏடு நம் களப்புகளின் சேற்றில் இருக்கிறது.

2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மறுபடி நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது; கிழக்குக் கரை மக்கள் உள்நோக்கி வெளியேறினார்கள். பேரலை வரவில்லை. ஆனால் எழுவான்கரையிலிருந்து வெளியேறுவது என்றால் பாலம் ஏறுவது என்று எல்லோருக்கும் மறுபடி நினைவுவந்தது. 2013இல் கல்லடியில் புதிய பாலமும் 2014இல் மண்முனையில் பாலமும் திறக்கப்பட்டன. ஒவ்வொரு பாலமும் ஓர் உயிர்காப்பு வழி. ஃபுகுஷிமாவில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறவேண்டியிருந்தது. ஒரு வைத்தியசாலையிலிருந்தும் அதோடு சேர்ந்த முதியோர் இல்லத்திலிருந்தும் அவசரமாக ஏற்றப்பட்ட முதிய நோயாளிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், பயணத்தாலும் பராமரிப்பின்மையாலும் இறந்தார்கள். பெருவிபத்தின் கணக்கில் படுக்கையில் கிடப்பவரும் ஒரு வரியாக இருக்கவேண்டும்.

இலங்கையில் இன்று அணுமின் நிலையம் இல்லை. ஆனால் அமைக்கலாமா என்று ஆராயப்படுகிறது. நாட்டின் ஆயத்தநிலையை 2022இல் சர்வதேச அணுசக்தி முகமையின் குழு வந்து மதிப்பிட்டது. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்திச் சபையையும் ஒழுங்குமுறைப் பேரவையையும் தனித்தனியாக வைத்தது. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்பாடும் கையெழுத்தானது. அக்கரையில் கல்பாக்கமும் கூடங்குளமும் ஏற்கெனவே இயங்குகின்றன.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை தெளிவானவை. ஒரே காரணத்தால் ஒன்றாக விழக்கூடியவை எவை என்று பட்டியலிட்டீர்களா? அலையின் உயரத்தை எத்தனை ஆண்டு நினைவிலிருந்து எடுத்தீர்கள்? எல்லாம் கடந்தபின் முடிவெடுப்பவர் யார்? கரையில் இருப்பவர் எந்த வழியால் போவார்? ஒரு நிலையத்தை அனுமதிப்பவர்கள் இந்த நான்குக்கும் மக்கள் மொழியில், அச்சில், பெயர் போட்டுப் பதில் சொல்லவேண்டும். பதில் உள்ள இடத்தில் அச்சத்துக்கு வேலை குறையும். பதில் இல்லாத இடத்தில் எத்தனை இலட்சம் ஆண்டில் ஒருமுறை என்று எழுதிக் காட்டினாலும் அதை ஏற்கவேண்டிய கடமை நமக்கு இல்லை. இதைக் கேட்க அணுவிஞ்ஞானியாக இருக்கவேண்டியதில்லை. ஒரே அலையில் எல்லாவற்றையும் இழந்த கரைக்குக் கேட்கும் உரிமை மற்ற எவரையும் விடக் கூடுதல். கேட்கும் பொறுப்பும் அவ்வளவே.